‘செல்லாது’ என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீதிமன்றச் செய்திகளிலும் சட்டக் கேள்வி-பதில் பகுதிகளிலும் தமிழ் நாளிதழ்கள் ஒரே சொல்லை வைத்து இரண்டு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. ஆங்கிலத் தீர்ப்பில் ‘வாய்ட்’ (void, அடியோடு பலனற்றது) என்று இருந்தாலும் தமிழில் ‘செல்லாது’. ‘வாய்டபிள்’ (voidable, உரியவர் கேட்டால் ரத்தாவது) என்று இருந்தாலும் ‘செல்லாது’. நடை சம்பந்தப்பட்ட சிறு குறை என்று இதை விட்டுவிட முடியவில்லை. ‘வாய்டபிள்’ என்ற பெயரடை வருகிற இடத்திலெல்லாம் பெரும்பாலும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘செல்லாது’ என்று படித்தவர், தானாகவே ஒழிந்துபோன விஷயம்தானே என்று சும்மா இருந்துவிடுகிறார். கெடு முடிந்த மறுநாள், செல்லாது என்று அவர் நம்பியிருந்த பத்திரமோ திருமணமோ அசைக்க முடியாதபடி செல்லுபடியாகி நிற்கிறது.

இந்த இரண்டையும் நம் நாட்டில் எழுத்தில் பிரித்து வைத்தது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சட்டத்தால் அமல்படுத்த முடியாத உடன்பாடு ‘வாய்ட்’ என்கிறது அதன் 2(ஜி) பிரிவு. ஒரு தரப்பார் விரும்பினால் அமல்படுத்தலாம், எதிர்த் தரப்பாருக்கு அந்த விருப்பம் கிடையாது என்ற நிலையில் உள்ள ஒப்பந்தம் ‘வாய்டபிள்’ என்கிறது 2(ஐ) பிரிவு. முதல் வகைக்குச் சட்டத்தின் கண்ணில் எந்தப் பலனும் இல்லை. இரண்டாவது வகை இன்றைக்குச் செல்லும். அதைக் கலைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர் கலைக்கிற நாள்வரை செல்லும். அவர் கலைக்காமலே இருந்துவிட்டால் என்றைக்கும் செல்லும். ஆகவே ‘வாய்டபிள்’ என்பதைச் ‘செல்லாது’ என்று எழுதும்போது, அன்றைய தேதியில் செல்லுகிற ஒன்றைத்தான் செல்லாது என்று அச்சிடுகிறோம்.

ஆங்கில மூலத்தைப் படிக்கும் செய்தியாளருக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. ‘வாய்டபிள்’ பெரும்பாலும் தனியாக வராது. ‘அட் தி ஆப்ஷன் ஆஃப்’, ‘அட் தி இன்ஸ்டன்ஸ் ஆஃப்’ என்று ஒரு வால் கூடவே வரும். இன்னார் விரும்பினால், இன்னார் கேட்டால் என்று பொருள். செய்தியின் உயிரே அந்த வாலில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. ‘வாய்ட்’ என்பதற்கு அப்படி வால் தேவையில்லை. அது ‘நல் அண்ட் வாய்ட்’ என்றோ, தொடக்கத்திலிருந்தே என்ற பொருளில் ‘வாய்ட் அப் இனிஷியோ’ என்றோ அழுத்தத்துடன் வரும். ‘நல் அண்ட் வாய்டபிள்’ என்று விவரம் தெரிந்தவர் யாரும் எழுதுவதில்லை. இன்னொரு சிக்கல், ‘அவாய்ட்’ என்ற வினைச்சொல். பேச்சு ஆங்கிலத்தில் அது தவிர்ப்பது, ஒதுங்கிக்கொள்வது. சட்ட ஆங்கிலத்தில் ‘ஒப்பந்தத்தை அவாய்ட் செய்தார்’ என்றால் அதை வாய்ட் ஆக்கினார், அதாவது கலைத்தார் என்று பொருள். ‘ஒப்பந்தத்தைத் தவிர்த்தார்’ என்று தமிழில் போட்டால், ஒப்பந்தமே போடாமல் நழுவிவிட்டார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

குழப்பத்தால் அதிகம் நஷ்டப்படுவது சிறு வயதில் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்கள். ‘குழந்தைத் திருமணம் சட்டப்படி செல்லாது’ என்ற வரி செய்திகளில் மட்டுமல்ல, விழிப்புணர்வுப் பேச்சுகளிலும் சர்வசாதாரணமாக வருகிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 3-ஆவது பிரிவில் இருப்பது ‘வாய்டபிள்’. திருமணத்தின்போது குழந்தையாக இருந்தவர் கேட்டால் மட்டுமே அந்தத் திருமணம் ரத்தாகும். பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது நிரம்பாவிட்டால் இந்தச் சட்டத்தின்படி குழந்தை. ரத்து கேட்கும் உரிமை அந்தக் குழந்தைக்கு மட்டும்தான். வயது வந்த கணவனோ, பிறகு மனம் மாறிய பெற்றோரோ தங்களுக்காகக் கேட்க முடியாது. பெண் இன்னும் மைனராக இருந்தால் காப்பாளரோ அவளுக்காக நிற்கும் வேறொருவரோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலருடன் சேர்ந்து மனு போடலாம். மேஜரான பின் அவளே போடலாம். மனு மாவட்ட நீதிமன்றத்தில். குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே. கடைசி நாள், மேஜராகி இரண்டு ஆண்டு முடிவதற்குள். பெண்ணுக்கு அது 20 வயது நிரம்புவதற்குள்.

மனு போட்டு ரத்து வாங்கினால் அதோடு வேறு சிலவும் கிடைக்கின்றன. கல்யாணத்தின்போது கைமாறிய பணம், நகை, சீர் ஆகியவற்றை இரு தரப்பும் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். பெண்ணுக்கு மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சமும் தங்குமிடமும் தரச் சொல்லலாம். குழந்தை பிறந்திருந்தால் அது எல்லா விதத்திலும் சட்டப்படியான குழந்தை. கெடுவைத் தவறவிட்டவருக்கு இந்த வழி அடைபடுகிறது. பிறகு எல்லோரையும் போல விவாகரத்து மனுதான். அதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும், சாட்சி வேண்டும், ஆண்டுக்கணக்கில் அலைச்சல் வேண்டும். ‘நம் கல்யாணம்தான் செல்லாதே’ என்று பிறந்த வீட்டில் இருந்தபடியே இருபதைக் கடந்து, வேறு கல்யாணமும் செய்துகொள்ளும் பெண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். முதல் திருமணம் ரத்தாகாமல் இருப்பதால் இரண்டாவது திருமணம்தான் உண்மையாகவே செல்லாததாகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே 2011-இல் இதைத் தெளிவுபடுத்தியது: 18 நிரம்பாத பெண்ணின் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது, ரத்து செய்யத்தக்கது மட்டுமே.

இதே சட்டத்தில் ‘வாய்ட்’ என்ற சொல்லும் இருக்கிறது. அதற்குரிய இடங்கள் வேறு. பெற்றோர் அல்லது காப்பாளர் பொறுப்பிலிருந்து குழந்தையைக் கடத்தியோ ஆசை காட்டியோ கொண்டுபோய், பலவந்தப்படுத்தியோ ஏமாற்றியோ, விலைக்கு விற்றோ நடத்திய திருமணம் 12-ஆவது பிரிவின்படி செல்லாது. நீதிமன்றம் தடை உத்தரவு போட்ட பிறகு அதை மீறி நடத்திய திருமணம் 14-ஆவது பிரிவின்படி தொடக்கம் முதலே செல்லாது. கர்நாடகம் ஒரு படி மேலே போய், மாநிலத் திருத்தத்தின் மூலம் குழந்தைத் திருமணம் முழுவதையுமே ‘வாய்ட்’ ஆக்கிவிட்டது. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றினால் நல்லது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு திருத்தம் இல்லாத நிலையில், பெங்களூருச் செய்தியில் சரியாக இருக்கும் ‘செல்லாது’ ஓசூர்ச் செய்தியில் தவறாகிவிடுகிறது. குழந்தைத் திருமணம் செய்வதும் செய்து வைப்பதும் தண்டனைக்குரிய குற்றம், அதில் மாற்றமில்லை. குற்றம் என்பதாலேயே திருமணம் இல்லாமல் போய்விடாது என்பதைத்தான் செய்தி பிரித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து நிலம். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டின் இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளரான தகப்பனாரோ தாயாரோகூட நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ கூடாது என்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும், மைனர் மேஜரான பின் ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகைக்கும் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் எழுதிய கிரையம் என்ன ஆகும்? மைனர் அல்லது அவர் வழியாக உரிமை கோருபவர் கேட்டால் ரத்தாகும்; சட்டத்தில் உள்ள சொல் ‘வாய்டபிள்’. காலவரையறைச் சட்டம், 1963-இன் 60-ஆவது இனம் அதற்குக் கெடு வைக்கிறது: மேஜரான நாளிலிருந்து மூன்று ஆண்டு. 2004 ஜூன் மாதம் பிறந்தவர் 2022 ஜூனில் மேஜர். 2025 ஜூனோடு அவருக்கான வாய்ப்பு முடிந்தது. அப்பா அன்றைக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இனிமேல் எல்லா வகையிலும் நல்ல பத்திரம்.

அதே நிலத்தைத் தகப்பனாருக்குப் பதில் சித்தப்பாவோ தாத்தாவோ அண்ணனோ, ‘மைனருக்குக் கார்டியன்’ என்று தாமாகவே போட்டுக்கொண்டு விற்றிருந்தால் கதை வேறு. அவர்கள் நீதிமன்றம் நியமித்த காப்பாளரும் இல்லை, இயற்கைக் காப்பாளரும் இல்லை. கையில் பொறுப்பை வைத்திருப்பவர் மட்டுமே. அப்படிப்பட்டவருக்கு மைனர் சொத்தைக் கைமாற்ற அதிகாரமே கிடையாது என்கிறது அதே 1956 சட்டத்தின் 11-ஆவது பிரிவு. அந்தக் கிரையம் ‘வாய்ட்’. மூன்று ஆண்டுக் கெடு அதற்குப் பொருந்தாது; உரிமையை வைத்துச் சுவாதீனம் (சொத்தைக் கையில் ஒப்படைப்பது) கேட்கும் வழக்குக்கு உள்ள, பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு என்ற வேறு கணக்குக்கு அது போய்விடும். ஒரே நிலம், ஒரே மைனர், ஒரே விலை. கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை வைத்து வழக்கின் வகை மாறுகிறது, கெடு மாறுகிறது. இரண்டு செய்தியிலும் ‘மைனர் சொத்து விற்பனை செல்லாது’ என்றே தலைப்பு வந்தால் வாசகர் எதைத் தெரிந்துகொள்வார்? கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கைக் குடும்பத் தலைவர் விற்பதற்கு இந்த 8-ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லியிருக்கிறது. அங்கே குடும்ப அவசியம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

பிராது, அதாவது வழக்கு மனு, எழுதும்போதும் இந்தப் பெயரடை காலை வாருகிறது. ‘கிரையம் செல்லாதே, எதற்கு ரத்து கேட்க வேண்டும்? சுவாதீனம் மட்டும் கேட்போம்’ என்று தாக்கல் செய்த வழக்குகள் தோற்றிருக்கின்றன. நீதிமன்ற அனுமதியின்றிக் காப்பாளர் எழுதிய கிரையம் ‘வாய்டபிள்’ ஆனதால், அதை ரத்து செய்யும் பரிகாரத்தைக் கேட்காமல் சுவாதீனம் கேட்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. வழக்குப் போடுவதுதான் ஒரே வழி என்பதும் இல்லை. மேஜரானவர் கெடுவுக்குள் அதே சொத்தை வேறொருவருக்குத் தாமே விற்பது போன்ற ஐயத்துக்கிடமில்லாத நடத்தையாலும் பழைய கிரையத்தை நிராகரிக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எப்படியானாலும் கெடுவுக்குள் நிராகரிக்க வேண்டும் என்பது மாறவில்லை.

இடம் வாங்குவோருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. மூலப்பத்திரத்தில் ‘மைனர் இன்னாருக்காகத் தகப்பனாரும் கார்டியனுமான’ என்ற வாசகம் கண்ணில் பட்டால் முதலில் நீதிமன்ற அனுமதி எண் பத்திரத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மைனரின் பிறந்த தேதியைக் கண்டுபிடித்து 21 வயது தாண்டிவிட்டதா என்று கணக்குப் போடுங்கள். தாண்டியிருந்தாலும் நடுவில் வழக்கோ நிராகரிப்போ நடந்ததா என்று விசாரியுங்கள். தாண்டவில்லை, ஆனால் 18 ஆகிவிட்டது என்றால், அவரையே கூப்பிட்டு முந்தைய கிரையத்தை ஊர்ஜிதம் செய்து பத்திரம் எழுதிப் பதிந்து வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. இப்படி ஒரு பத்திரத்தால் குறை தீர்வதே அது ‘வாய்டபிள்’ என்பதால்தான். ‘வாய்ட்’ ஆன கிரையத்தை எத்தனை ஊர்ஜிதப் பத்திரம் எழுதினாலும் உயிர்ப்பிக்க முடியாது. புதுக் கிரையமே வாங்க வேண்டும்.

வயதான பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் செட்டில்மென்ட் பற்றிய செய்திகள் இப்போது வாரம் தவறாமல் வருகின்றன. அங்கே சொல் வேறு மாதிரி விளையாடுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் ‘வாய்டபிள்’ என்ற சொல்லே இல்லை. ‘வாய்ட்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் முழு வாசகத்தையும் படித்தால், எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதை ‘வாய்ட்’ என்று அறிவிக்கும் என்றே உள்ளது. அந்த ‘விரும்பினால்’ வந்துவிட்டதால், பலனில் அது ‘வாய்டபிள்’ வகைதான். பெற்றோரைக் கவனிக்காத மகனுக்கு எழுதிய பத்திரம் தானாகச் செத்துவிடுவதில்லை. 60 வயது நிரம்பியவர், சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரத்துக்கு, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அடிப்படை வசதிகளும் தேவைகளும் பார்த்துக்கொள்ளப்படும் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்ததையும், அது மீறப்பட்டதையும் காட்ட வேண்டும். அந்த நிபந்தனையை நிரூபிக்காவிட்டால் 23-ஆவது பிரிவு உதவாது என்று 2022-லும், மூத்த குடிமக்களின் நலனை முன்னிறுத்தித் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர், ‘ஆயுள் முழுதும் உணவு, உறைவிடம், வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர உரிமை உண்டு’ என்று ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். ‘அன்பும் பாசமும் கருதி’ என்ற வழக்கமான வரி மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

பலர் செய்யும் இன்னொரு காரியம், நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவது. செட்டில்மென்டை அப்படி ஒருவராகவே ரத்து செய்து பதிய, சட்டம் இடம்கொடுக்கும் குறுகிய விதிவிலக்குகள் தவிர, சார்பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-இல் முடிவு சொல்லிவிட்டது. ‘செல்லாது’ என்ற ஒற்றைச் சொல் செய்தியைப் படித்துவிட்டுப் போகிறவர்களே அந்தக் கவுண்ட்டரில் நின்று முத்திரைத்தாள் செலவையும் இழந்து திரும்புகிறார்கள்.

சாதாரண ஒப்பந்தங்களுக்கு வருவோம். மிரட்டி, ஏமாற்றி, பொய்த் தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படியும், செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தி வாங்கியிருந்தால் 19-ஏ பிரிவின்படியும் ஒப்பந்தம் ‘வாய்டபிள்’. இரு தரப்பும் முக்கியமான உண்மை ஒன்றைத் தவறாக நினைத்துப் போட்டது (20-ஆவது பிரிவு), சட்டவிரோத நோக்கத்துக்காகப் போட்டது (23), பந்தயம் (30) ஆகியவை ‘வாய்ட்’. மைனர் போட்ட ஒப்பந்தமும் ‘வாய்ட்’தான். கல்கத்தாவில் ஒரு மைனர் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் வைத்த வழக்கில் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1903-இல் அதை முடிவு செய்தது. மைனரே போட்ட ஒப்பந்தம் ‘வாய்ட்’. மைனருக்காகத் தகப்பனார் எழுதிய கிரையம் ‘வாய்டபிள்’. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பதில் சொல்லும் சட்டப் பகுதிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ஏமாந்தவர் ஒப்பந்தத்தைக் கலைக்க நினைத்தால் செய்ய வேண்டியது இது. உண்மை தெரிந்தவுடன் எதிர்த் தரப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்புகை அட்டையுடன் கூடிய வக்கீல் நோட்டீஸ் வழக்கம். அந்த ஒப்பந்தத்தால் தாம் பெற்றது ஏதும் இருந்தால் திருப்பித் தர முன்வர வேண்டும். 64-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. ‘முன்பணத்தை வைத்துக்கொள்வேன், ஒப்பந்தத்தை மட்டும் கலைப்பேன்’ என்பது நடக்காது. பத்திரத்தை நீதிமன்றம் மூலம் ரத்து செய்ய வேண்டுமானால், உண்மை முதன்முதலில் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்; காலவரையறைச் சட்டத்தின் 59-ஆவது இனம். இதில் பலர் சறுக்கும் இடம், ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் தவணை வாங்குவது, பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவது, ‘சரி, போகட்டும்’ என்று கடிதம் எழுதுவது. தெரிந்தே ஏற்றுக்கொண்டவருக்குக் கலைக்கும் உரிமை போய்விடும். கொஞ்சம் விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தாலும், பொய்த் தகவலைக் காரணம் காட்டுகிறவருக்கு 19-ஆவது பிரிவின் விதிவிலக்கு கதவை அடைக்கிறது.

தாமதத்தின் விலை என்ன என்பதை ஆங்கில நாட்டு வழக்கு ஒன்று நன்றாகக் காட்டும். 1918-இல் லண்டனில் ஒருவன் நகைக்கடைக்குப் போய், ஊரறிந்த பிரபு ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு காசோலை எழுதிக் கொடுத்து, 450 பவுண்டு விலையுள்ள மோதிரத்தை அப்போதே எடுத்துக்கொண்டு போனான். போனவன் அதை 350 பவுண்டுக்கு அடகு வைத்தான். காசோலை திரும்பியது. கடைக்காரர் அடகுக் கடையின் மேல் வழக்குப் போட்டார், 1919-இல் தோற்றார். ஏமாற்றி வாங்கிய விற்பனை ‘வாய்டபிள்’தான், ‘வாய்ட்’ அல்ல. கடைக்காரர் அதைக் கலைப்பதற்கு முன்பே, விஷயம் தெரியாத அடகுக்காரரிடம் மோதிரம் போய்விட்டது என்றது நீதிமன்றம். நம்முடைய 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: வாய்டபிள் ஒப்பந்தம் கலைக்கப்படுமுன், நல்லெண்ணத்தோடு விஷயம் தெரியாமல் வாங்கியவருக்கு முழு உரிமை. பழைய வண்டியைத் திரும்பிவந்த காசோலைக்கு விற்றவர் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி திருடு போயிருந்தால் யாரிடம் இருந்தாலும் மீட்கலாம். திருடனிடமிருந்து வாங்கியவருக்கு உரிமை பிறப்பதில்லை. ஏமாந்து தாமே சாவியைக் கொடுத்திருந்தால், அது மூன்றாவது கைக்குப் போவதற்கு முன் விற்பனையைக் கலைத்துத் தெரிவித்தாக வேண்டும். காசோலை திரும்பிய அன்றே நோட்டீசும் போலீஸ் புகாரும் போக வேண்டும் என்பது இதனால்தான்.

திருமணச் சட்டத்திலும் இதே பிரிவினை உண்டு. இந்துத் திருமணச் சட்டம், 1955-இன் 11-ஆவது பிரிவு ‘வாய்ட்’: கணவனோ மனைவியோ உயிருடன் இருக்க இன்னொரு திருமணம், தடை செய்யப்பட்ட உறவுமுறைக்குள் திருமணம் போன்றவை. நம் பக்கத்துத் தாய்மாமன்-அக்காள் மகள் திருமணம் வழக்காறு அனுமதிப்பதால் இதில் அடிபடாது. 12-ஆவது பிரிவு ‘வாய்டபிள்’: பலவந்தத்தாலோ, முக்கியமான உண்மையை மறைத்த மோசடியாலோ வாங்கிய சம்மதம் போன்றவை. மோசடி தெரிந்த நாளிலிருந்து, அல்லது பலவந்தம் நீங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. இரண்டு வகையிலும் பிறந்த குழந்தைகள் 16-ஆவது பிரிவின்படி சட்டப்படியானவர்கள். ‘திருமணம் செல்லாது’ என்று தலைப்புப் போடும் செய்தியில் குழந்தைகளைப் பற்றிய இந்த ஒரு வரி விடுபடுவது பெரிய அநியாயம்.

ஆயுள் காப்பீட்டில், விவரத்தை மறைத்ததாகச் சொல்லிப் பாலிசியைக் கேள்வி கேட்கும் உரிமை நிறுவனத்துக்குத்தான். 2015-இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லியும் அப்படிக் கேள்வி கேட்க முடியாது. இங்கே கெடு நமக்குச் சாதகம்.

‘வாய்ட்’ என்றால் ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. செல்லாத கிரையம் வில்லங்கச் சான்றில் பதிவாகத்தான் இருக்கும். பட்டா மாறியிருந்தால் மாறியபடியே இருக்கும். செல்லாதது என்று நீதிமன்றம் விளம்புகை (முறையான அறிவிப்பு) செய்த பிறகே அலுவலகங்கள் ஏட்டைத் திருத்தும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் கேட்க வேண்டியது ரத்து. கையெழுத்துப் போடாத மூன்றாமவர் கேட்க வேண்டியது விளம்புகை. நீதிமன்றக் கட்டணம் இரண்டுக்கும் வேறு வேறு என்பதால் எதைக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே வக்கீலுடன் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சட்டக் கல்லூரித் தமிழில் இவ்விரண்டுக்கும் ‘இல்நிலை’, ‘தவிர்தகு’ என்ற சொற்கள் புழங்குகின்றன. பாடத்துக்கு அவை போதும். நாளிதழ் வாசகருக்குத் தனியே விளக்கினாலொழியப் புரியாது. செய்திக்கு நாங்கள் கேட்பது இதுதான். ‘செல்லாது’ என்பதை ‘வாய்ட்’ ஒன்றுக்கே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ‘வாய்டபிள்’ வருகிற இடத்தில் ஒற்றைச் சொல் தேடாமல் வினையாக எழுதுங்கள்: ‘மகள் கேட்டால் ரத்தாகும்’, ‘மைனர் மேஜரானதும் ரத்து செய்யக் கோரலாம்’, ‘தாயார் விரும்பினால் ரத்து’. யார் கேட்கலாம் என்பது அதிலேயே வந்துவிடுகிறது, தலைப்புக்கும் அடங்குகிறது. எந்த நாளுக்குள், எந்த நீதிமன்றத்தில் என்ற இரண்டையும் செய்தியின் முதல் இரண்டு பத்திக்குள் தாருங்கள். ‘செல்லாது என அறிவிக்கப்பட்டது’, ‘ரத்து செய்யப்பட்டது’ ஆகிய இரண்டும் ஒன்றல்ல. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள உத்தரவு வரியைப் பார்த்தே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டப் பகுதியில் மைனர் சொத்தைப் பற்றிக் கேள்வி வந்தால், பதில் சொல்பவர் முதலில் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கட்டும். கேள்வி அனுப்பியவருக்கு வயது இருபது என்றால், அந்தப் பதில் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
மதுரை.